கணக்கு உதைக்கும் இடம்



உயிரியல் கடந்த எழுபது ஆண்டுகளாகப் பெரும்பாலும் பிரித்துப் பார்த்தே வளர்ந்த துறை. உயிரணுவிலிருந்து புரதம், புரதத்திலிருந்து மரபணு, மரபணுவிலிருந்து அதன் ஒவ்வொரு எழுத்து என்று கீழே கீழே இறங்கிப்போய், இன்று உறுப்புகளின் பட்டியல் ஏறக்குறைய நம் கையில் இருக்கிறது. பட்டியல் கைக்கு வந்ததும் எல்லோருக்கும் ஓர் ஆசை எழுந்தது: இவற்றையெல்லாம் கணினிக்குள் போட்டு முழு உயிரணுவையும் இயக்கிப் பார்த்தால் என்ன? இந்த ஆசையைப் பற்றி இரண்டு விதமான பேச்சு நடக்கிறது. ஒரு சாரார், இதோ இன்னும் பத்தாண்டில் மனித உடலே கணினியில் ஓடும் என்கிறார்கள். மறு சாரார், இது பணம் விழுங்கும் வேலை, புதிதாக எதையும் சொல்லாது என்கிறார்கள். இரண்டு பேச்சிலும் ஒரே பிழை ஒளிந்திருக்கிறது. இரண்டுமே இத்தகைய மாதிரியை உயிரின் நகலாகக் கருதி, நகல் எவ்வளவு அச்சாக இருக்கிறது என்று பார்த்து மதிப்பிடுகின்றன. என் வாதம் வேறு. முழு உயிரணுவைக் கணக்கிடுவதன் பயன், தனித்தனியே பார்த்தபோது சரியாகத் தோன்றிய அளவுகளை ஒரே பேரேட்டில் ஏற்றி, வரவும் செலவும் பொருந்துகிறதா என்று பார்ப்பதில் இருக்கிறது. பொருந்தாத இடம் எதுவோ அதுதான் கண்டுபிடிப்பு. ஆகவே ஒரு மாதிரி எவ்வளவு பெரியது என்று கேட்பதைவிட, அது எங்கே தோற்க முடியும் என்று கேட்பதே சரியான கேள்வி.

இந்தக் கேள்விக்குப் பழைய சான்று ஒன்று உண்டு. கணவாய் மீனின் தடித்த நரம்பிழையில் மின்துடிப்பு எப்படி ஓடுகிறது என்று ஆலன் ஹாட்ஜ்கினும் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் ஆராய்ந்து 1952இல் வெளியிட்டார்கள். சவ்வின் மின்னழுத்தத்தை அசையாமல் பிடித்து நிறுத்திவைத்து, சோடியமும் பொட்டாசியமும் எந்த அழுத்தத்தில் எவ்வளவு வேகமாகக் கடக்கின்றன என்று அளந்தார்கள். அதாவது, நரம்பு இயல்பாகத் துடிக்கவே முடியாத நிலையில் எடுத்த அளவுகள் அவை. பிறகு அந்த அளவுகளைச் சமன்பாடுகளாக்கி, பிடியை விட்டுவிட்டால் என்ன நடக்கும் என்று கணக்கிட்டார்கள். கேம்பிரிட்ஜின் எட்சாக் கணினி அப்போது சீரமைப்பில் இருந்ததால், ஹக்ஸ்லி கைப்பிடியைச் சுற்றி இயக்கும் பிரன்ஸ்விகா கணக்குப் பொறியில் இந்தக் கணக்கை வாரக்கணக்கில் போட்டார். கிடைத்த விடை: துடிப்பு நொடிக்கு 18.8 மீட்டர் வேகத்தில் ஓட வேண்டும். உண்மையான இழையில் அளந்த வேகம் 21.2 மீட்டர். இந்த எண் கணக்குக்குள் எங்கும் இடப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். வேகம் 5 மீட்டர் என்றோ 90 மீட்டர் என்றோ வந்திருந்தால் முழுக் கருத்தும் அன்றே சரிந்திருக்கும். சரியக்கூடிய இடத்தில் சரியாமல் நின்றதுதான் அந்தச் சமன்பாடுகளின் பலம். இன்று வெளியாகும் எத்தனையோ பிரம்மாண்ட மாதிரிகளுக்கு இந்த ஒரு குணம் இல்லை.

கணக்கு என்பது அளவீட்டுக்குப் பின்னால் நடக்கும் பணியாள் அல்ல, அளவீட்டையே விசாரிக்கும் அதிகாரி என்பதற்குச் சென்னையிலேயே சான்று இருக்கிறது. ஜி.என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும் 1963இல் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து வெளியிட்ட வரைபடம், புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் மடங்கலாம், எவற்றில் மடங்கினால் அணுக்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் என்று காட்டியது. அணுக்களின் பருமன் பற்றிய அறிவைத் தவிர அதற்குள் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் இன்று உலகில் எந்த ஆய்வகம் ஒரு புரதத்தின் வடிவத்தைக் கண்டறிந்தாலும், அந்த வரைபடத்தின் தடைப்பகுதிக்குள் எத்தனை புள்ளிகள் விழுகின்றன என்று பார்க்கிறார்கள். நிறைய விழுந்தால், அந்தப் புரதம் இயற்கை விதியை மீறிவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. படத்தை வரைந்தவர் மறுபடி பார்க்க வேண்டும் என்றுதான் சொல்கிறார்கள்.

இனி முழு உயிரணுவுக்கு வருவோம். தன்னந்தனியாகப் பெருகக்கூடிய உயிர்களில் மிகச் சிறிய மரபுத் தொகுதி உடையவற்றுள் ஒன்று மைகோபிளாஸ்மா ஜெனிட்டாலியம் என்ற பாக்டீரியா, 525 மரபணுக்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மார்க்கஸ் கோவெர்ட்டின் குழு, ஜொனாதன் கார் முதலானோர், 2012இல் இதன் முழு வாழ்க்கைச் சுழற்சியையும் கணினியில் இயக்கிக் காட்டினார்கள். டி.என்.ஏ இரட்டித்தல், புரத உற்பத்தி, வளர்சிதை மாற்றம், பிரிதல் என்று 28 செயல்களை 28 தனிக் கணக்குகளாக எழுதி, ஒவ்வொரு நொடிக்கும் அவற்றை ஒரே இருப்பிலிருந்து எடுக்கவும் அதிலேயே போடவும் வைத்தார்கள். 900க்கும் மேற்பட்ட ஆய்வுக்கட்டுரைகளிலிருந்து 1,900க்கும் மேற்பட்ட அளவுகளைத் திரட்டினார்கள். பத்திரிகைகள் இதைக் கணினிக்குள் பிறந்த உயிர் என்று கொண்டாடின. எனக்கு முக்கியமாகப்படுவது அந்தக் கட்டுரையில் வந்த வேறொரு செய்தி. உயிரணு உண்டாக்கும் ஆற்றலையும், தெரிந்த செயல்கள் எல்லாம் சேர்ந்து செலவிடும் ஆற்றலையும் ஒப்பிட்டுப் பார்த்தால் 44 விழுக்காடு இடிக்கிறது. ஆற்றல் எங்கே போகிறது? வெறுமனே சுற்றிச் சுற்றி ஓடி வீணாகும் வினைகள் இருக்கலாம். நமக்குத் தெரியாத பராமரிப்புச் செலவு இருக்கலாம். நொதிகளைத் தனித்தனியாக அளந்துகொண்டிருக்கும்வரை இந்தக் கேள்வி யாருக்கும் எழவே எழாது. எல்லாச் செலவையும் ஒரே ஏட்டில் எழுதியவனுக்குத்தான் கணக்கு உதைப்பது தெரியும்.

அதே மாதிரியில் இன்னொன்றைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். டி.என்.ஏ இரட்டித்தல் தொடங்க வேண்டுமானால் டி.என்.ஏ.ஏ என்ற புரதத்தின் மூலக்கூறுகள் தொடக்கப் புள்ளியில் போதிய எண்ணிக்கையில் வந்து ஒட்ட வேண்டும். அது தற்செயலைப் பொறுத்தது. ஓர் உயிரணுவில் சீக்கிரம் நடக்கும், பக்கத்து உயிரணுவில் நெடுநேரம் ஆகும். அப்படியானால் பிரிவதற்கு ஆகும் மொத்த நேரமும் அணுவுக்கு அணு கண்டபடி மாற வேண்டும் அல்லவா? மாறவில்லை. மொத்த நேரத்தின் ஏற்ற இறக்கம், இடைக்கட்டங்களின் ஏற்ற இறக்கத்தைவிடக் குறைவாகவே இருந்தது. காரணம் தேடினால், காத்திருக்கும் அணுவில் டி.என்.ஏவுக்கு வேண்டிய அலகுகள் சேர்ந்துகொண்டே போகின்றன. தாமதமாகத் தொடங்கும் அணு, குவிந்த கையிருப்பைக் கொண்டு வேகமாக முடிக்கிறது. முந்தித் தொடங்கிய அணு, இருப்பு தீர்ந்ததும் அன்றாட உற்பத்தியை எதிர்பார்த்து மெதுவாக ஊர்கிறது. இரண்டும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் முடிகின்றன. தாமதத்தை ஈடுகட்டு என்று எந்த வரியிலும் நிரல் எழுதப்படவில்லை. அதற்கென்று ஒரு மரபணுவும் மாதிரிக்குள் இல்லை. இரட்டித்தலை ஆராய்பவர் தன் துறைக்குள்ளும், வளர்சிதை மாற்றத்தை ஆராய்பவர் தன் துறைக்குள்ளும் இருந்தால் இதைப் பார்க்கும் இடமே கிடையாது.

இங்கே ஒரு மறுப்பு தயாராக நிற்கிறது. ஆயிரத்துத் தொள்ளாயிரம் அளவுருக்கள் இருந்தால் எதைத்தான் வரைய முடியாது? 1953இல் இயற்பியலாளர் ஃப்ரீமன் டைசன் தம் கணக்கு சோதனையோடு பொருந்துவதைக் காட்ட, என்ரிக்கோ ஃபெர்மி எத்தனை அளவுருக்கள் என்று கேட்டாராம். நான்கு என்று பதில் வந்தது. நான்கு இருந்தால் யானையை வரைந்துவிடலாம் என்று ஜான் வான் நாய்மன் சொல்வார் என ஃபெர்மி பேச்சை முடித்துவிட்டார். நான்குக்கே யானை என்றால் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துக்கு என்ன வரும்? நியாயமான கேள்வி. ஆனால் யானைக் கேள்வி, விடைக்கு ஏற்றபடி முறுக்கிக்கொள்ளக்கூடிய அளவுருக்களைப் பற்றியது. முழு உயிரணு மாதிரியின் அளவுகளில் பெரும்பாலானவை வேறு வேறு ஆய்வகங்களில், வேறு வேறு நோக்கத்துக்காக, இந்த மாதிரியைப் பற்றிக் கேள்வியே படாதவர்கள் எடுத்தவை. அவற்றை இஷ்டத்துக்குத் திருக முடியாது என்பதற்கு, திருகாமலேயே கணக்கு உதைத்ததுதான் சாட்சி. 2013இல் அதே குழு, ஒவ்வொரு மரபணுவாகச் செயலிழக்கச் செய்தும் உயிர்தப்பிய மைகோபிளாஸ்மா வகைகள் எவ்வளவு வேகமாக வளர்கின்றன என்று அளந்து, கணினி சொன்ன வேகத்தோடு ஒப்பிட்டது. சில வகைகளில் பொருந்தவில்லை. குறிப்பிட்ட நொதிகளின் வேகத்தைத் தவறாக எடுத்துக்கொண்டிருக்கிறோம், அது இன்ன அளவில் இருந்தால்தான் கணக்கு நேராகும் என்று கணித்தார்கள். பிறகு சோதனைக் குழாயில் அளந்து பார்த்தபோது கணிப்பு உறுதியாயிற்று. யானையை வரைபவருக்கு இப்படி ஒரு நொதியைக் கைகாட்டத் தெரியாது.

2020இல் வந்த ஈ.கோலை ஆய்வு இன்னும் அழுத்தமானது. டெரெக் மேக்லின் முதலானோர், கோவெர்ட்டின் ஆய்வகத்திலிருந்தே, பல பத்தாண்டுகளில் இந்த பாக்டீரியாவைப் பற்றி வெளியான 19,000க்கும் மேற்பட்ட அளவுகளை ஒரே மாதிரிக்குள் கொண்டுவந்தார்கள். நோக்கம் புதிய அணுவைப் படைப்பது அல்ல. பழைய அளவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று குறுக்கு விசாரணை செய்வது. விசாரணையில் சிக்கியவை சாதாரணச் செய்திகள் அல்ல. ஓர் அணுவில் இருப்பதாக அளக்கப்பட்ட புரதத்தை ஆக்கும் ரைபோசோம்களும் ஆர்.என்.ஏவை ஆக்கும் பாலிமரேஸ்களும் அளக்கப்பட்ட வேகத்தில் உழைத்தால், அந்த அணு அளக்கப்பட்ட நேரத்துக்குள் இரட்டிக்கவே முடியாது. மூன்று அளவும் மதிப்புள்ள ஆய்வகங்களில் எடுத்தவை. மூன்றும் சேர்ந்து உண்மையாக இருக்க முடியாது. இன்னொன்று: உயிர் வாழ இன்றியமையாதவை என்று பட்டியலில் உள்ள சில புரதங்கள், ஒரு தலைமுறை முழுவதும் சில அணுக்களில் ஒன்றுகூட உருவாகாமல் இருக்கலாம்; முந்தைய தலைமுறையின் மிச்சத்தில் காலம் ஓடிவிடுகிறது. ஈ.கோலையைப் போல மனிதன் அளந்து தள்ளிய உயிர் வேறெதுவும் இல்லை. அதிலேயே நிலைமை இது என்றால், மற்ற உயிர்களின் தரவுக் கிடங்குகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வாதத்துக்குள் ஓர் ஆபத்து இருப்பதை மறைக்கக் கூடாது. கணக்கு பொருந்தாதபோதெல்லாம் அளவீட்டின் மேல் பழியைப் போட்டுவிட்டு மாதிரி தப்பிக்கலாமே? பெர்ன்ஹார்ட் பால்சனின் குழு 2002இல் வெளியிட்ட ஆய்வு இந்தச் சந்தேகத்தை எழுப்பவும் செய்கிறது, தீர்க்கவும் செய்கிறது. ஈ.கோலை கிளிசராலை மட்டும் உண்டு வளர்ந்தால் அதிகபட்சம் இவ்வளவு வேகம் கிடைக்கும் என்று அவர்களுடைய கணக்கு சொன்னது. உண்மையில் பாக்டீரியா அதைவிட மெதுவாகவே வளர்ந்தது. பாக்டீரியா இன்னும் இந்த உணவுக்குப் பழகவில்லை என்று சொல்லிவிட்டு எழுந்து போயிருந்தால், அது வெறும் சால்ஜாப்பு. அவர்கள் அதே உணவில் ஏறக்குறைய 700 தலைமுறைகள், 40 நாட்கள் வளர்த்தார்கள். வளர்ச்சி வேகம் ஏறி ஏறி, கணக்கு சொன்ன இடத்துக்கே வந்து சேர்ந்தது. பிழை யாருடையது என்பதை மாதிரி தானாகத் தீர்மானிக்க முடியாது. தனியாக ஒரு சோதனை தீர்ப்புச் சொல்ல வேண்டும். அந்தச் சோதனையைச் செய்யாதவருக்குப் பழிபோடும் உரிமை இல்லை.

மாதிரி எவ்வளவு பெரியது என்பதே முக்கியம் என்று நம்பியவர்கள் எங்கே போய் நின்றார்கள் என்பதையும் பார்த்துவிடலாம். சி. எலிகன்ஸ் என்ற புழுவின் 302 நரம்பணுக்களும் ஒன்றோடொன்று எப்படி இணைந்துள்ளன என்ற வரைபடம் 1986இலேயே வந்துவிட்டது. சிட்னி பிரென்னர் தொடங்கி வைத்த வேலை அது. ஆனாலும் அந்தப் புழு அடுத்த கணம் எப்பக்கம் நெளியும் என்று இணைப்புகளை மட்டும் வைத்துக் கணக்கிட இன்றுவரை முடியவில்லை. அதே பிரென்னர் 2010இல், ஓர் அமைப்பின் நடத்தையைப் பார்த்து அதன் உள்ளமைப்பைப் பின்னோக்கிக் கணக்கிட்டுவிடலாம் என்று அமைப்புசார் உயிரியல் நம்புவது வீண் என்று வாதிட்டார். அவர் சொன்னதில் பெரும்பகுதி சரி. ஐரோப்பிய ஒன்றியம் 2013இல் தொடங்கிய மனித மூளைத் திட்டம் முழு மூளையையே கணினியில் இயக்கும் வாக்குறுதியோடு கிளம்பியது. அடுத்த ஆண்டே நூற்றுக்கணக்கான நரம்பியல் அறிஞர்கள் பகிரங்கக் கடிதம் எழுதி எதிர்த்தார்கள். 2023இல் திட்டம் முடிந்தபோது அந்த வாக்குறுதி நிறைவேறியிருக்கவில்லை. ஆனால் இந்தத் தோல்விகளிலிருந்து முழுமையைக் கணக்கிடவே கூடாது என்ற முடிவுக்குத் தாவுவது சரியல்ல. பாக்டீரியாவுக்குள் போகும் கார்பன் அணு ஒவ்வொன்றும் ஏதோ ஒரு பொருளாக வெளியே வந்தாக வேண்டும், ஆற்றலும் அப்படியே. அங்கே மாதிரியைப் பிடித்துக் கேள்வி கேட்கும் விதி இருக்கிறது. நரம்பு இணைப்புகளின் வரைபடத்தில் எது எதற்குச் சமமாக வேண்டும் என்று சொல்லும் அப்படியொரு விதி இல்லை. பிடிபடும் வழியே இல்லாத மாதிரியை எவ்வளவு பெரிதாக்கினாலும் அது எதையும் கற்றுத்தராது. பிரென்னரின் கண்டனம் அந்த வகைக்குப் பொருந்தும். முதல் வகைக்குப் பொருந்தாது.

நடைமுறையில் இதனால் யாருக்கு என்ன லாபம் என்பவர்களுக்கு இதயத்தைக் காட்டுகிறேன். டெனிஸ் நோபிள் 1960இலேயே ஹாட்ஜ்கின்–ஹக்ஸ்லி சமன்பாடுகளை இதய அணுவுக்கு ஏற்றபடி மாற்றிக் கணினியில் துடிக்க வைத்தார். 1990களின் பிற்பகுதியில் டெர்ஃபெனடின் என்ற ஒவ்வாமை மருந்து, இதயத் துடிப்பைத் தடுமாறவைத்து உயிரைப் பறிக்கக்கூடும் என்பதால் அமெரிக்கச் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. அது ஹெர்க் என்னும் பொட்டாசியம் வாயிலை அடைக்கிறது. அதன்பின் எந்தப் புதிய மருந்து அந்த வாயிலை அடைத்தாலும் ஆபத்து என்று ஒதுக்குவது வழக்கமாயிற்று. ஆனால் வெராபமில் என்ற பழைய இதய மருந்தும் அதே வாயிலை அடைக்கிறது; அது அந்த வகைத் தடுமாற்றத்தைப் பொதுவாக உண்டாக்குவதில்லை. ஏனென்றால் அது கால்சியம் வாயிலையும் கூடவே அடைக்கிறது. ஒன்று நீட்டும் மின்துடிப்பை மற்றொன்று சுருக்கிவிடுகிறது. ஒற்றை வாயிலின் சோதனை இரண்டு மருந்தையும் ஒரே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும். முழு அணுவின் கணக்குதான் பிரித்துச் சொல்லும். இதனால் 2013இல் தொடங்கிய ஒரு சர்வதேச முயற்சியில், 12 மருந்துகளைக் கொண்டு மாதிரியைச் சீரமைத்து, அது பார்த்திராத 16 மருந்துகளில் சோதித்தார்கள். அந்த 16தான் எனக்கு முக்கியம். மாதிரிக்குத் தோற்க வாய்ப்புக் கொடுத்த இடம் அதுவே.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்ட பிறகு இந்தச் சமன்பாட்டு வேலையெல்லாம் எதற்கு என்பது இன்றைய மறுப்பு. புரத வடிவத்தைக் கணிப்பதில் ஆல்ஃபாஃபோல்டு என்ற செயற்கை நுண்ணறிவு நிரல் செய்ததைக் குறைத்துப் பேச யாராலும் முடியாது. 2024ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசில் அதற்குப் பங்கு கிடைத்தது. ஆனால் ஆல்ஃபாஃபோல்டு கற்றுக்கொண்டது, பல பத்தாண்டுகளாக ஒரே முறையில் சரிபார்க்கப்பட்டுச் சேர்ந்த வடிவங்களின் கிடங்கிலிருந்து. உயிரணுவின் நடத்தை பற்றிய தரவுகள் அப்படிப்பட்டவை அல்ல என்பதை ஈ.கோலையிலேயே பார்த்தோம். ஒன்றுக்கொன்று முரணான மூன்று அளவுகளைக் கற்றல் இயந்திரத்திடம் கொடுத்தால் அது முரணைச் சொல்லாது. மூன்றுக்கும் நடுவில் ஓர் இடத்தைத் தேடி அமர்ந்துகொள்ளும். ஒரு மரபணுவை மாற்றினால் அணுவில் மற்ற மரபணுக்களின் செயல் எப்படி மாறும் என்று கணிப்பதில், மிகப் பெரிய கற்றல் மாதிரிகள் எளிய நேர்கோட்டுக் கணக்கைத் தாண்டவில்லை என்று 2025இல் வெளியான ஓர் ஒப்பீடு காட்டியிருக்கிறது. நாளை தாண்டலாம். தாண்டினாலும் அதன் விடையில் நிறையும் ஆற்றலும் சமமாகின்றனவா என்று பார்க்க ஒரு பேரேடு வேண்டியிருக்கும்.

கடைசியாக, நம் நாட்டுக்கு மிக வேண்டிய ஒரு பாக்டீரியாவைப் பற்றி. காசநோய்க் கிருமியின் மரபுத்தொகுதி 1998இலேயே படிக்கப்பட்டுவிட்டது; 44 லட்சம் எழுத்துகள், ஏறத்தாழ 4,000 மரபணுக்கள். அதன் வளர்சிதை மாற்றத்துக்குக் கணக்கு மாதிரிகள் பல இருக்கின்றன. ஆனால் அவை பெரும்பாலும் ஈ.கோலை வழியில், வளர்ச்சியையே இறுதி விடையாக வைத்து எழுதப்பட்டவை: உணவு உள்ளே, புதிய அணு வெளியே. காசநோய்க்கு மாதக்கணக்கில் மருந்து தர வேண்டியிருப்பதற்கு ஒரு முக்கியக் காரணம், ஏறக்குறைய வளராமலேயே உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும் கிருமிகள். அவற்றுக்கு வளர்ச்சி என்ற விடை பூஜ்யம். பூஜ்யத்தை வைத்து எந்தக் கணக்கையும் சோதிக்க முடியாது. அவற்றின் செலவு முழுவதும் பராமரிப்புதான், மைகோபிளாஸ்மாவின் ஏட்டில் உதைத்ததாக ஐயப்பட்ட அதே பத்தி. ஆக்சிஜன் இல்லாமல் பிரிவதை நிறுத்திய காசநோய்க் கிருமியிலும், உயிரணுவின் ஆற்றலைச் சுமக்கும் மூலக்கூறான ஏ.டி.பியின் இருப்பு முற்றிலும் வற்றிவிடுவதில்லை, குறைந்த அளவில் நீடிக்கிறது என்று 2008இல் காட்டினார்கள். 2012இன் இறுதியில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பெடாகுவிலின் என்ற மருந்து அந்த ஏ.டி.பியை ஆக்கும் நொதியையே அடைப்பதால், உறங்கும் கிருமிகளையும் கொல்கிறது. இந்தக் கிருமிகள் ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு ஆற்றலைச் செலவிடுகின்றன, அதில் சவ்வின் மின்னழுத்தத்தைக் காக்க எவ்வளவு, பழுதான புரதங்களை மாற்ற எவ்வளவு என்ற மூன்று அளவுகளையும் ஒரே வளர்ப்பில், ஒரே நாளில், ஒரே ஆய்வகத்தில் எடுக்க வேண்டும். வீட்டிலிருந்தபடியே காசநோய்ச் சிகிச்சை பெறலாம் என்பதை 1950களில் நிறுவிய ஊர் சென்னை. அந்த மூன்று அளவுகளை எடுப்பதற்கான கருவிகள் இன்று இங்கேயே இருக்கின்றன. எடுத்த பிறகு மாதிரி அவற்றுக்கு ஒத்துப்போகாவிட்டால், ஒத்துப்போகாத அந்தப் பட்டியலையும் கட்டுரையில் சேர்த்தே வெளியிட வேண்டும்.